மேட்டூருக்குப் போகிற டெல்டாக்காரருக்கு

எங்கள் அப்பா பேப்பரைப் பிரிப்பதே மேட்டூர் நீர்மட்டத்துக்காகத்தான். நீர்மட்டம் இவ்வளவு அடி, நீர்வரத்து இவ்வளவு கனஅடி, வெளியேற்றம் இவ்வளவு என்று மூன்று எண்களையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் காபி டம்ளரில் கை வைப்பார். மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனம். எழுபது வயதைத் தாண்டியவர் மேட்டூரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கேட்டால், "அங்க போய் என்னத்த பாக்கறது? தண்ணிதான் இங்க வருதே" என்பார்.

ஒரு ஜூன் மாதம் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் பலர் வழி கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று இது. இரண்டு நாள் போதும். ஆனால் எந்த இரண்டு நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் வேலை: நீர்மட்டம் பார்த்து நாள் குறிப்பது

ஊட்டி, கொடைக்கானலுக்கு மாதம் பார்த்துப் போவோம். மேட்டூருக்கு அடி பார்த்துப் போக வேண்டும். அணையின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. தீரும். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அணை கீழே குறுகி மேலே விரிந்தது. 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி.தான் இருக்கும், மிச்சம் 28 டி.எம்.சி.யும் மேல் இருபது அடிக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால்தான் கடைசி இருபது அடி நிரம்ப அவ்வளவு நாள் ஆகிறது, நமக்கும் அவ்வளவு பதைப்பு.

இனி, உங்களுக்கு எது பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

கடல் மாதிரித் தண்ணீர் வேண்டும் என்றால் 110 அடிக்கு மேல் இருக்கும்போது போங்கள். பெரும்பாலும் கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டிய பிறகு, ஜூலை பாதியிலிருந்து வருஷக் கடைசி வரை. உபரி நீர் சீறுவதைப் பார்க்க ஆசை என்றால் 120 அடியைத் தொட வேண்டும். அந்தச் செய்தி வந்த மறுநாளே கிளம்பிவிடுங்கள், தள்ளிப்போட்டால் போச்சு. நேர்மாறாக அணை வற்றும்போது போகவும் ஒரு காரணம் உண்டு. அதைப் பண்ணவாடிக்கு வரும்போது சொல்கிறேன்.

குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12-ல் அணையைத் திறப்பது வழக்கம். இருப்பு 90 அடிக்கு மேல் இருந்து, மழையும் நம்பிக்கை கொடுத்தால்தான் அது நடக்கும். 2020-ல் எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தேதியில் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆகவே காலண்டரை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

ஆடிப்பெருக்கு அன்று போகலாமா என்று என் தங்கச்சி கேட்டாள். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சேலம், தருமபுரி, நாமக்கல் என்று சுற்றுவட்டாரமே திரண்டு வந்து காவிரியில் முங்கும். ஊர் ஊராகச் சாமி சிலைகளையும் ஆயுதங்களையும் கொண்டுவந்து கழுவுவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். அணையைப் பார்க்க உகந்த நாள் மட்டும் அது இல்லை. அன்றைக்கு நமக்குத்தான் நம்ம ஆற்றங்கரை இருக்கிறதே, மாவிளக்கும் காதோலைக் கருகமணியுமாக.

போவது எப்படி

தஞ்சாவூரிலிருந்து தோராயமாக 250 கி.மீ. வழி இரண்டு. திருச்சி, நாமக்கல், சேலம் வழியாக ஒன்று. திருச்சி, கரூர், ஈரோடு, பவானி வழியாக இன்னொன்று. போகும்போது சேலம் வழி, திரும்பும்போது பவானி வழி என்று வைத்துக்கொண்டால் நல்லது.

மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, கரூர், நாமக்கல் வழியாகச் சேலத்துக்கே நேர் ரயில் இருக்கிறது. நின்று நின்று போகும். வயசானவர்களுக்குப் பஸ்ஸைவிட அது மேல். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் மேட்டூர் பஸ் அடுத்தடுத்துக் கிடைக்கும், சுமார் 50 கி.மீ. சேலத்திலிருந்து ஓமலூர் வழியாக மேட்டூர் அணைக்கு ரயில் பாதையும் உண்டு. அணை கட்டச் சாமான் ஏற்றிப்போகப் போட்ட பாதை. இப்போது அதில் நிலக்கரிக்குத்தான் முதல் மரியாதை, பயணிகள் வண்டி அபூர்வம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேச்சேரியைத் தாண்டியதும் லாரிகள் அதிகம். அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றிப்போகும் லாரிகளும் அதில் உண்டு. அவற்றின் பின்னால் ஒட்டிப் போனால் கண்ணாடி முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். இடைவெளி விட்டுப் போங்கள்.

தங்குவதற்கு மேட்டூரில் விடுதிகள் உண்டு, சுமாரானவை. நாங்கள் எடுத்த அறையில் மின்விசிறி ராத்திரி முழுக்க நெல் அரவை மெஷின் மாதிரி ஓடியது. அப்பா மட்டும் நன்றாகத் தூங்கினார், பழக்கம். பெண்கள், குழந்தைகளோடு போனால் சேலத்திலோ ஈரோட்டிலோ அறை போட்டுக்கொண்டு காலையில் வந்துவிடுவது உத்தமம்.

முதல் நாள்: அணை

மேட்டூரை நெருங்கும்போது இரண்டு பக்கமும் மலை எழும். பாலமலை ஒன்று, சீதாமலை ஒன்று. நடுவில் புகுந்து வந்த ஆற்றைத்தான் குறுக்கே மறித்திருக்கிறார்கள். வரப்பைத் தவிர வேறு மேடு பார்க்காத கண்ணுக்கு அந்த மலைகளே பாதிக் காசுக்கு ஈடு.

போகுமுன் கொஞ்சம் வரலாறு தெரிந்துகொண்டால் ரசனை கூடும். சென்னை மாகாணமும் மைசூரும் 1924 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அந்தப் பக்கம் கிருஷ்ணராஜசாகர், இந்தப் பக்கம் மேட்டூர். அதே வருஷம் ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம். 1925-ல் வேலை ஆரம்பித்தது. கர்னல் எல்லிஸ் என்ற பொறியாளர் வடிவமைப்பு. 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்றே பெயர். தஞ்சாவூர்க்காரர்கள் தினமும் தாண்டிப்போகும் 'புது ஆறு', அதாவது கல்லணைக் கால்வாய், இதே திட்டத்தில் இதே காலத்தில் வெட்டியதுதான். ஒரே பிரசவத்தில் இரண்டு பிள்ளை. அணையைப் பார்த்துவிட்டு வந்தால் புது ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பேசினோம். ஆட்டோக்காரர் அப்பாவின் வேட்டியையும் மஞ்சப்பையையும் பார்த்துவிட்டு, "தஞ்சாவூர்ப் பக்கமுங்களா? தண்ணி பாக்க வந்தீங்களாக்கும்" என்றார். ஜூன் மாதத்தில் எங்களைப் போல நாலு பேர் வருவார்கள் போலிருக்கிறது. நேராகப் பதினாறு கண் மதகுக்கு விடச் சொன்னார் அப்பா. அங்கேதான் தப்பு நடந்தது.

மதகு காய்ந்து கிடந்தது. பதினாறு ஷட்டரும் மூடி, கீழே பாறையும் முள்ளும்தான். ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "முந்தாநாள் திறந்துட்டேன்னானுங்க, இங்க சொட்டுத் தண்ணி காணோம்!"

டெல்டாக்காரர்கள் பலர் செய்யும் தவறு இது. டிவியில் காட்டுவது பதினாறு கண் மதகு என்பதால் அதுதான் அணை என்று நினைத்துக்கொள்கிறோம். அது அணையின் சுவரிலேயே இல்லை. தள்ளி, பக்கவாட்டில் இருக்கிறது. 120 அடியைத் தொட்ட பிறகு மிஞ்சுவதை வெளியே தள்ளுகிற உபரி நீர்ப் போக்கி. நம் வயலுக்கு வரும் பாசனத் தண்ணீர் மேல்மட்ட மதகு வழியாகவும், அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் இரண்டின் வழியாகவும் வெளியேறுகிறது. சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட், அணையடி மின்நிலையம் 50 மெகாவாட். அதாவது குறுவைக்கு வரும் தண்ணீர் வரும் வழியில் ஒரு தடவை மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பூங்கா. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் அணையைக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். சுமார் 1,700 மீட்டர் நீளச் சுவர், ஒரே பார்வையில் அடங்காது. அப்புறம் 75-ஆம் ஆண்டு நினைவாக எழுப்பிய பவள விழா கோபுரம். ஏற அனுமதி இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அணையின் மேல் நம் இஷ்டத்துக்கு நடக்க விடமாட்டார்கள், காவல் உண்டு. கேமராவை நீட்டிவிட்டு வாக்குவாதம் செய்ய வேண்டாம். மூன்றாவதாக, அணைக்குக் கீழே காவிரிப் பாலம். திறந்திருக்கும் தண்ணீரைப் பக்கத்தில் பார்க்க இதுதான் இடம். கடைசியாக, தண்ணீர் போனால் மட்டும் பதினாறு கண் மதகு.

பாலத்தில் அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ஊரில் நாம் பார்க்கும் ஆற்றுத் தண்ணீர் செம்மண் கலந்த டீ நிறம். இங்கே அப்படி இல்லை. அணையில் படிந்து தெளிந்து வருவதால் பச்சையும் கறுப்புமாக, கண்ணாடி மாதிரி ஆழமாக, சத்தமே இல்லாமல் போகிறது. அவ்வளவு வேகத்தில் அவ்வளவு அமைதி. "இவ்ளோவும் நமக்கா?" என்றார். பாதி கொள்ளிடம், வெண்ணாறு, காவிரி என்று பிரிந்துவிடுமே என்றேன். "அது தெரியும்டா" என்றார்.

குளிக்கிற ஆசை யாருக்கும் வரும். படித்துறை கட்டிய இடத்தில் மட்டும், ஊர்க்காரர்கள் இறங்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். நம் வாய்க்காலில் நீச்சல் பழகிய தைரியம் இங்கே செல்லாது. வெளியேற்றம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறும்.

மதியம்: முனியப்பனும் மீனும்

அணைக்கட்டு முனியப்பன் கோயில் இந்த ஊருக்குக் காவல். கிடாய், சேவல் நேர்ந்துகொண்டு வந்து அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிற கூட்டம் எப்போதும் இருக்கும். உங்களுக்கு நேர்த்திக்கடன் இல்லாவிட்டாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மரத்தடியில் உட்காருங்கள். பக்கத்தில் பந்தி நடந்தால் சும்மா விடமாட்டார்கள், இலை போட்டுவிடுவார்கள்.

பூங்காப் பக்கத்து மீன் கடைகள்தான் மேட்டூரின் இன்னொரு புகழ். கட்லா, ரோகு, மிர்கால், அரஞ்சான், கெளுத்தி, வாளை என்று அணை மீன் வகைகள். பச்சை மீனை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் கழுவி, மசாலா தடவி, எதிரிலேயே பொரித்துத் தருகிறார்கள். கலர்ப்பொடி பூசிச் சிவக்கச் சிவக்க முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பதைத் தொடாதீர்கள். எடை போட்டதும் விலை, பொரிக்கும் கூலி இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அரஞ்சானில் முள் அதிகம், ருசியும் அதிகம்; நம்ம ஊர்க் கெண்டைக்குப் பழகியவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. மீன் வேண்டாதவர்களுக்கு மேச்சேரி ஆட்டுக்கறி இருக்கிறது, பெயர் பெற்ற இனம். சாயங்காலம் சேலத்துத் தட்டுவடை செட்.

தொழிற்சாலை ஊர்

அணையோடு திரும்பிவிடுகிறவர்கள் ஊரைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். மேட்டூர் என்கிற ஊரே அணை பெற்ற பிள்ளை. 'சேலம் கேம்ப்' என்று ஒரு பேட்டை இருக்கிறது. அணை கட்டிய காலத்துப் பெயர் இன்னும் பஸ் போர்டில் ஓடுகிறது. சதுரங்காடி என்று கடைத்தெருவுக்குப் பெயர். என்ன அழகான தமிழ்! ஒரு ஆட்டோவை ஒரு மணி நேரத்துக்குப் பேசிக்கொண்டு சதுரங்காடி, சேலம் கேம்ப், ஆர்.எஸ். (ரயில் நிலையப் பகுதி), கருமலைக்கூடல் என்று ஒரு சுற்று வாருங்கள். ஆலைகளுக்குள் விடமாட்டார்கள், வெளியிலிருந்தே போதும்.

கதை சுலபம். அணை வந்தது, 1937-ல் அணையடியில் மின்சாரம் வந்தது. மின்சாரம் இருந்தால் மின்சாரத்தைத் தின்கிற தொழில் வரும். 1936-ல் தொடங்கிய மேட்டூர் கெமிக்கல்ஸ் (பின்னாளில் கெம்பிளாஸ்ட் சன்மார்) உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. 1960-களில் மால்கோ அலுமினிய ஆலை. ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்து பாக்சைட்டை உருக்கியது. அந்த உருக்காலை இப்போது ஓடவில்லை. 1980-களின் கடைசியில் அனல்மின் நிலையம், 210 மெகாவாட் வீதம் நாலு அலகு. 2013-ல் 600 மெகாவாட் அலகு சேர்ந்து மொத்தம் 1,440. நிலக்கரி ரயிலில் வருகிறது, குளிரூட்டத் தண்ணீர் அணையிலிருந்து. ஒரே அணைக்கு எத்தனை பேர் வாய் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இதில் நம் பக்கத்து ஆளுக்கு ஒரு சுவாரசியம். காஸ்டிக் சோடாவுக்கு மூலப்பொருள் உப்பு. அந்த நிறுவனத்துக்கு உப்பளம் எங்கே தெரியுமா? வேதாரண்யத்தில். மேட்டூர்த் தண்ணீர் எங்கே வந்து சேர முடியாமல் திணறுகிறதோ அந்தக் கடைமடையில். இதை அப்பாவிடம் சொன்னதும், "அப்ப நம்ம கொடுக்கல் வாங்கல் சரியாத்தான் இருக்கு" என்றார்.

இரண்டாம் நாள்: தண்ணீருக்கு மேலே, அல்லது கீழே

இரண்டாம் நாளில் ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும். எங்கே போவதென்று நீர்மட்டம் சொல்லும்.

அணை வற்றியிருந்தால் கொளத்தூர் போய்ப் பண்ணவாடிக்குப் போங்கள். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அங்கே இருக்கிறது. நீர்மட்டம் எண்பது, எழுபது அடிக்கு இறங்கும்போது பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்கள் முதலில் தலை காட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. முட்டளவு சேற்றில், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஊரை விட்டு ஏறிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போதும் வந்து பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். நம் வயல் பச்சையாக இருக்க எத்தனை வயல் தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று அங்கே நின்றால்தான் உறைக்கும். நந்தி தெரிகிறது என்று செய்தி வந்தால் அங்கே கூட்டம் செல்ஃபி எடுக்கும். நம்ம ஊரில் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். இரண்டும் ஒரே செய்திதான்.

அணை நிரம்பியிருந்தாலும் பண்ணவாடிக்குப் போகலாம். அக்கரை நாகமரை, தருமபுரி மாவட்டம். மோட்டார்சைக்கிளோடு ஆள் ஏறிப் படகில் கடப்பதைப் பார்க்கலாம். சுற்றிக்கொண்டு போனால் எவ்வளவோ தூரம்.

கொளத்தூரிலிருந்து மேற்கே போகும் சாலை பாலாறு வழியாகக் காட்டுக்குள் நுழைந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறுகிறது, அந்தப் பக்கம் கர்நாடகம். ஒருகாலத்தில் வீரப்பன் என்ற பெயருக்கே நடுங்கிய காடு. அவரைப் புதைத்த மூலக்காடும் கொளத்தூர்ப் பக்கம்தான். யானை நடமாட்டம் உண்டு. காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். வண்டியை நிறுத்திக் காட்டில் இறங்க வேண்டாம்.

குழந்தைகள் கூட இருந்தால் மேலே போகாமல் கீழே வாருங்கள். பவானி சாலையில் காவிரி கூடவே வரும். மேட்டூருக்கும் பவானிக்கும் இடையில் ஆற்றைக் கதவணை கதவணையாக நிறுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள். அதனால் ஆறு குளம் மாதிரி தளும்பி நிற்கும். நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து அக்கரை பூலாம்பட்டிக்கு விசைப்படகு. குட்டிக் கேரளா என்று பேர் வைத்திருக்கிறார்கள். தென்னை, மலை, தண்ணீர் மூன்றும் இருக்கிறது, ஒப்புக்கொள்ளலாம். பவானியில் கூடுதுறை, சங்கமேஸ்வரர், ஒரு ஜமக்காளம். அங்கிருந்து ஈரோடு, ரயில் ஏறினால் ஊர்.

திரும்பி வந்த பிறகு

மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும். ஆகவே திறந்த அடுத்த நாள் அங்கே பார்த்துவிட்டுக் கிளம்பினால், தண்ணீருக்கு முன்னால் நீங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள். வழியில் கல்லணையில் இறங்கி நிற்பதும் இறங்காததும் உங்கள் சௌகரியம். நாங்கள் இறங்கவில்லை, அப்பாவுக்கு வீடு வந்து சேர வேண்டும்.

வந்த நாளிலிருந்து அவர் பேப்பரில் இன்னொரு எண்ணையும் தேட ஆரம்பித்தார், கல்லணையில் வெண்ணாற்றில் எவ்வளவு திறந்தார்கள் என்று. ஒரு நாள் விடிகாலை என்னை எழுப்பி நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வண்டி எடுக்கச் சொன்னார். வெண்ணாறு அங்கேதான் பாமணியாறு, கோரையாறு என்று பிரிகிறது. இன்னும் வரவில்லை. டீ குடித்துவிட்டுக் காத்திருந்தோம். ஏழு மணி வாக்கில் மணலில் முதலில் ஒரு நுரைக் கோடு நகர்ந்து வந்தது. சருகு, வைக்கோல், ஒரு பிளாஸ்டிக் செருப்பு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நடக்கிற ஆள் வேகத்தில். பின்னால் டீ நிறத்தில் தண்ணீர்.

"மேட்டூர்ல பச்சையா இருந்துச்சு" என்றார் அப்பா.